‘எப்போது?’ என்ற கேள்வி பிறந்த கதை

விடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை, இரவு ஒரு மணி வரை கண்விழித்துவிட்டு, அம்மா தட்டி எழுப்பிய வேகத்தில் எழுந்து வருகிறான். பல் துலக்கும்போது தோள் ஒருமுறை தூக்கிப் போடுகிறது; பிரஷ் கையைவிட்டு நழுவுகிறது. அடுத்து டீ டம்ளரை வாங்குகிறான். வாங்கிய கை ஒரே வெட்டாக வெட்டி மேலே போகிறது. டம்ளர் எகிறிச் சுவரில் அடித்து விழுகிறது. “நேரத்தோட படுடான்னா கேக்குறியா?” என்று திட்டியபடியே அம்மா தரையைத் துடைக்கிறார். அவனுக்கு நினைவு தப்பவில்லை. அம்மா திட்டுகிற ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறது. குளித்துக் கிளம்பி டவுன் பஸ் ஏறும்போது உடம்பு பழையபடி ஆகிவிடுகிறது.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் எந்த வீட்டிலும் இது நடக்கலாம். தூக்கக் கலக்கம், பரீட்சைப் பயம், நரம்புத் தளர்ச்சி, சத்துக் குறைவு என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி வீடு இதைக் கடந்துவிடும். சில மாதங்களோ ஓரிரு வருடங்களோ கழித்து, அதேபோல ஒரு காலையில் கைகள் நாலைந்து முறை தொடர்ந்து வெட்டி, கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளி அவன் விழுகிறபோதுதான் ஆட்டோ கூப்பிடுவார்கள். மருத்துவமனையில் சொல்லப்படுவது விழுந்த கதை மட்டுமே. டம்ளர் கதையை யாரும் சொல்வதில்லை. பெரும்பாலும் யாரும் கேட்பதும் இல்லை.

அந்த டம்ளர் கதையில்தான் நோயின் பெயரே இருக்கிறது. ஜூவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி என்று மருத்துவர்கள் சொல்வதைத் தமிழில் ‘இளம்பருவத் துள்ளல் வலிப்பு’ எனலாம். வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இருப்பது இந்த வகை. பெரும்பாலும் 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் தொடங்கும். சரியான மாத்திரை கிடைத்தால் பெரும்பாலோருக்குக் கட்டுக்குள் நிற்கும். தவறான மாத்திரை கொடுத்தால் அதிகமாகும். இப்படி ஒரு நோய் தனியாக இருக்கிறது என்பது ஒரு கேள்வியால்தான் தெளிவாகத் தெரியவந்தது. அந்தக் கேள்வி பிறந்த கதை இது.

இடம் தேடிய காலம்

வலிப்பு பற்றிய நவீன மருத்துவம் “எங்கே?” என்று கேட்டுத்தான் வளர்ந்தது. 1870இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் வலிப்பைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். கட்டைவிரலில் தொடங்கி, முழங்கைக்கு ஏறி, முகத்துக்குப் பரவுகிற வலிப்பைப் பார்த்தே, மூளையின் எதிர்ப்பக்கத்தில் எந்த இடத்தில் கோளாறு என்று ஊகிக்கலாம் என்பது அவர் காட்டிய வழி. அதே ஆண்டு ஜெர்மனியில் ஃப்ரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இருவர் நாயின் மூளையில் மின்சாரம் பாய்ச்சி, தொட்ட இடத்துக்கு ஏற்ப எதிர்ப்பக்கத் தசை அசைவதைக் காட்டினார்கள். 1886இல் விக்டர் ஹார்ஸ்லி அந்த வழியைப் பின்பற்றி, வலிப்பு கிளம்பும் இடத்தை அறுவை செய்து எடுத்தார்.

இந்த மரபு தமிழ்நாட்டுக்கும் வந்தது. மான்ட்ரியாலில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1952 ஆகஸ்ட் 25 அன்று அங்கே அவர் செய்த வலிப்பு அறுவை சிகிச்சைதான் இந்தியாவில் முதலாவது. அதற்கு முந்தைய வருடம் அவரும் பால்தேவ் சிங், பி. ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். நம் மாநிலம் இந்தத் துறையில் பின்தங்கி நின்ற மாநிலம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எத்தனையோ உயிர்களை மீட்ட மரபு அது. ஆனால், காலையில் டம்ளரைத் தவறவிடும் பிள்ளைக்கு அதனிடம் பதில் இல்லை. அவன் மூளையில் வடு இல்லை, கட்டி இல்லை, நீக்கி எடுக்க ஓர் இடமும் இல்லை. மூளையின் இரு பாதிகளிலும் ஏறக்குறைய ஒரே கணத்தில் மின்னோட்டம் பொங்கி அடங்குகிறது. “எங்கே?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அவன் சிக்கமாட்டான்.

அவனைப் போன்ற பிள்ளைகள் மருத்துவர்களின் கண்ணில் படாமல் இல்லை. பிரெஞ்சு மொழியில் எழுதிய தியோடோர் எர்பான் என்ற மருத்துவர், முழு வலிப்புக்கு முன்னால் வரும் சின்னச் சின்ன அறிகுறிகளையெல்லாம் வாழ்நாள் முழுக்கக் குறித்துவைத்தவர். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1867இல் வெளிவந்த நூலில் ஒரு 13 வயதுச் சிறுவன் வருகிறான். மின்சாரம் தாக்கியதுபோல உடம்பு அதிர்கிறது. நினைவு அப்படியே இருக்கிறது. நம் டம்ளர் பிள்ளைதான். 1899இல் ராபோ என்ற பிரெஞ்சு மருத்துவரும் இத்தகைய துள்ளல்களைப் பற்றி எழுதினார். ஆனால், முழு வலிப்புக்கு முன்னோடியாக மட்டுமே அவை பார்க்கப்பட்டன.

இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. துள்ளலோடு வலிப்பும் வந்து, அறிவு மங்கி, நடை தளர்ந்து, வருடத்துக்கு வருடம் மோசமாகும் அரிய நோய்கள் சிலவும் இளம்வயதில் தொடங்குபவையே. 1891இல் உன்வெர்ரிக்ட்டும் 1911இல் லஃபோராவும் அவற்றை விவரித்தார்கள். துள்ளல் என்றாலே கெட்ட காலம் என்ற எண்ணம் மருத்துவ உலகில் படிந்துபோனது. துள்ளல் இருந்தும் படிப்பும் புத்தியும் நன்றாக இருக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் படத்தில் இடம் கிடைக்கவில்லை.

நேரம் கேட்ட மருத்துவர்

இடம் கொடுத்தவர் டீட்டர் யான்ஸ். 1920இல் பிறந்து 2016 வரை வாழ்ந்த ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த ஆண்டுகளில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் வலிப்பு நோயாளிகளோடு உட்கார்ந்து பொறுமையாகக் கதை கேட்டவர். எல்லோரும் “எங்கே?” என்று தேடிக்கொண்டிருந்தபோது அவர் “எப்போது?” என்று கேட்டார். தூங்கும்போது வருகிறதா, விழித்ததும் வருகிறதா, நேரம் காலம் இல்லாமல் வருகிறதா? பதில்களை அடுக்கிப் பார்த்தபோது ஒரு கூட்டம் தனியாகப் பிரிந்து வந்தது. அவர்களுக்கு வலிப்பு வந்ததெல்லாம் தூங்கி எழுந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள். 1953இல் ‘விழிப்பு வலிப்புகள்’ பற்றி அவர் எழுதினார்.

விழிப்பு நேரத்தை மேலும் துருவிக் கேட்கக் கேட்க, துள்ளல்கள் வெளியே வந்தன. சீப்பு பறந்தது, கோப்பை கவிழ்ந்தது, எழுத உட்கார்ந்தால் பேனா கோடு இழுத்தது என்று நோயாளிகள் சொல்லத் தொடங்கினார்கள். 1957இல் யான்ஸும், மூளை மின்பதிவில் தேர்ந்த வால்டர் கிறிஸ்டியனும் 47 நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பருவ வயதில் தொடங்குவது, விழித்ததும் தோளிலும் கையிலும் துள்ளல், நினைவு தப்பாமை, தூக்கம் கெட்டால் அதிகமாவது, பிற்பாடு பெரிய வலிப்பும் சேர்வது, மூளை மின்பதிவில் தனி அடையாளம். சிதறிக் கிடந்த துண்டுகள் ஒரே நோயாகச் சேர்ந்த இடம் அந்தக் கட்டுரைதான். இன்றும் பலர் இதை யான்ஸ் நோய்க்குறித் தொகுதி என்றே சொல்கிறார்கள்.

அடுத்த ஆண்டே, 1958இல், கடல் கடந்து உருகுவே நாட்டில் காஸ்டெல்ஸ், மெண்டிலாஹர்சு என்ற இருவர் இதே நோயை 70 பேரிடம் கண்டு எழுதினார்கள். கேட்பவர் கேட்டால், எந்த நாட்டிலும் இந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். டென்மார்க்கில் லுண்டும் சகாக்களும் 1975இல் இன்றைய பெயரைச் சூட்டினார்கள். 1989இல் உலக வலிப்புநோய் எதிர்ப்புக் கழகத்தின் வகைப்பாட்டில் அந்தப் பெயர் முறையாக ஏறியது.

துள்ளலின் கையெழுத்து

கிறிஸ்டியன் பார்த்த அந்த மின்பதிவுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, ஐந்து ஆண்டுகள் யோசித்து, 1929இல் வெளியிட்டார். 1935இல் பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் மூவரும், சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் பிள்ளைகளின் மூளையில் விநாடிக்கு மூன்று முறை கூர்முனையும் அலையும் மாறி மாறி வருவதைக் கண்டார்கள். துள்ளல் வலிப்பில் அந்தக் கோலம் வேறு. ஒரே கொத்தாகப் பல கூர்முனைகள் எழும்பி, பின்னால் ஒரு மெதுவான அலை வரும். விநாடிக்கு நாலு முதல் ஆறு என்ற வேகம். தலையின் இரு பக்கமும் ஒரே சமயத்தில் வரும்.

நம் ஊர்ப் பிள்ளைக்கு இந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் என்று பார்ப்போம். தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு வரச் சொல்வார்கள். முதல் நாள் இரவு தூங்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதும் உண்டு. டெக்னீஷியன் தலையை அளந்து, புள்ளி வைத்து, பசை தடவி, இருபது சொச்சம் ஒயர்களை ஒட்டுவார். கண்ணைத் திறந்து மூடச் சொல்வார். மூன்று நிமிடம் மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொல்வார். கண்ணுக்கு எதிரே ஒரு விளக்கு வேகவேகமாக மின்னும். இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மின்னும் வெளிச்சம் ஆகாது. ஜப்பானில் 1997 டிசம்பர் 16 அன்று ஒரு கார்ட்டூன் படத்தில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியபோது நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அந்த வெளிச்சக் கூச்சத்தைக் கண்டுபிடிக்கத்தான் இந்த விளக்கு. முடிந்தால் பிள்ளையை அங்கேயே தூங்கவிட்டு எழுப்புவார்கள். விழிக்கிற அந்த நேரத்தில்தான் கோலம் அதிகம் தென்படும்.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. மின்பதிவு சில சமயம் சுத்தமாகவும் வரும். அப்போதும் “எப்போது?” என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் நோயை நிறுவும். கருவி கேள்விக்குத் துணை நிற்கும். கேள்விக்குப் பதிலாக நிற்காது.

கரைப்பானாக இருந்த மருந்து

நோய்க்குப் பெயர் கிடைத்த அதே காலத்தில் மருந்தும் வந்து சேர்ந்தது. அது வந்த வழி மருத்துவ வரலாற்றின் அதிசயங்களில் ஒன்று.

1882இல் பெவர்லி பர்ட்டன் என்ற அமெரிக்க வேதியியலாளர் வால்ப்ரோயிக் அமிலத்தைத் தயாரித்தார். மருந்து என்று அதை யாரும் நினைக்கவில்லை. மற்றப் பொருள்களைக் கரைக்க உதவும் திரவமாக அது எண்பது ஆண்டுகள் ஆய்வுக்கூட அலமாரியில் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் பியர் எய்மார் என்ற ஆராய்ச்சி மாணவர் கெல்லின் என்ற தாவரப் பொருளிலிருந்து சில கூட்டுப்பொருள்களை உருவாக்கியிருந்தார். அவை எதிலும் எளிதில் கரையவில்லை. கிரனோபிள் நகர ஆய்வுக்கூடத்தில் இருந்த மெயூனியே, “வால்ப்ரோயிக் அமிலத்தில் கரைத்துப் பாருங்கள்” என்றார். கரைத்து, வலிப்பைத் தடுக்கிறதா என்று விலங்குகளில் சோதித்தார்கள். தடுத்தது. எந்தக் கூட்டுப்பொருளைக் கொடுத்தாலும் தடுத்தது. இதோடு சம்பந்தமே இல்லாத வேறொரு பொருளை மெயூனியே அதே திரவத்தில் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார். அதுவும் தடுத்தது. அப்போதுதான் பொறி தட்டியது: வேலை செய்தது கரைந்த பொருள் இல்லை, கரைத்த திரவம். கண்டுபிடிப்பு 1963இல் வெளியானது. 1967இல் வால்ப்ரோயேட் பிரான்சில் மருந்தாக விற்பனைக்கு வந்தது.

துள்ளல், வெறித்த பார்வை, பெரிய வலிப்பு ஆகிய மூன்றையும் ஒரே மருந்து அடக்கியது. இந்த நோய்க்கு அதுவரை இருந்தவை 1912இல் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் கண்டறிந்த ஃபீனோபார்பிட்டோனும், 1938இல் மெரிட், புட்னம் இருவரும் கொண்டுவந்த ஃபெனிடாயினும், பின்னால் வந்த கார்பமாசெபைனும். மற்ற வலிப்புகளுக்கு இவை அருமையான மருந்துகள். ஆனால், கார்பமாசெபைனும் ஃபெனிடாயினும் துள்ளல் வலிப்பைப் பல சமயம் கிளறிவிடும். மாத்திரை சாப்பிடச் சாப்பிட ஏன் கை அதிகமாக வெட்டுகிறது என்று குழம்பிய குடும்பங்களுக்கு விடை இங்கே இருந்தது. எந்த வகை வலிப்பு என்று தெரியாமல் மாத்திரை எழுதினால் மாத்திரையே நோயை வளர்க்கும்.

பதினான்கு ஆண்டுத் தாமதம்

பெயர் இருந்தது, அடையாளம் இருந்தது, மருந்தும் இருந்தது. ஆனாலும் நோய் கண்ணுக்குத் தப்பிக்கொண்டே இருந்தது. யான்ஸ் எழுதியது ஜெர்மன் மொழியில். ஆங்கில மருத்துவ உலகம் இதை முழுமையாக உள்வாங்கியது 1984இல், அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே கட்டுரை வெளியிட்ட பிறகுதான். அதற்குப் பிறகும், 1992இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வில், நோய் தொடங்கியதற்கும் கண்டுபிடிக்கப்பட்டதற்கும் இடையே சராசரியாகப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. பதினான்கு ஆண்டு என்பது ஒருவரின் படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் அடங்கிய காலம்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று ஆராய்ந்தவர் பனயியோடோபுலோஸ் என்ற மருத்துவர். 1991இல் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரையின் பொருளே இந்த நோயில் நேரும் பிழைகள்தான். நோயாளி துள்ளலை நோயாகக் கருதுவதில்லை. கேட்டால் ஒழியச் சொல்வதில்லை. துள்ளல் ஒரு கையில் அதிகமாகத் தெரிந்தால் மருத்துவரே அதை வேறு வகை என்று எண்ணிவிடுவார். இதற்கு அவர் வற்புறுத்திய வழி மிக எளியது. மருத்துவர் தம் கையையே வெட்டி இழுத்துக் காட்டி, “காலையில் இப்படி ஆகிறதா? கையில் இருப்பது விழுகிறதா? டீ சிந்துகிறதா?” என்று கேட்க வேண்டும்.

தென்னிந்தியாவிலும் இந்த நோய் இருப்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தின் ஜே.எம்.கே. மூர்த்தியும் சகாக்களும் 131 நோயாளிகளை ஆராய்ந்து 1998இல் எழுதினார்கள். மரபுக்கூறு பற்றிய தேடலும் நடக்கிறது. 1988இல் டெல்காடோ எஸ்குவேட்டா குழு ஆறாம் குரோமோசோமைக் காட்டியது. அதற்குப் பிறகு சில மரபணுக்கள் பேசப்பட்டன. பெரும்பாலோருக்கு ஒற்றை மரபணு காரணம் இல்லை. பல சிறு கூறுகள் சேர்ந்தே நோய் வருகிறது. குடும்பத்தில் இன்னொருவருக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முன்வினை, சாபம், பெற்றவர் குற்றம் எதற்கும் இதில் பங்கில்லை.

ஸ்கேன் சுத்தமாக இருக்கும்போது

இனி நம் மண்ணுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பிள்ளைக்கு ஃபிட்ஸ் என்றால் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். அதற்கு நியாயமான காரணம் உண்டு. வேலூர் மாவட்டத்தில் வேதாந்தம் ராஜசேகர் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணம் மூளையில் தங்கிய நாடாப்புழுக் கட்டி. அதைத் தேடத்தான் வேண்டும்.

ஆனால், துள்ளல் வலிப்பில் ஸ்கேன் சுத்தமாக வரும். “ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைங்க” என்று சொன்னதும் குடும்பம் இரண்டில் ஒரு பக்கம் போகும். ஒன்று, நோயே இல்லை என்று மாத்திரையை நிறுத்திவிடும். இல்லாவிட்டால், டாக்டருக்குப் பிடிபடாதது காத்து கருப்பு என்று கோயில் கோயிலாக அலையும். ஸ்கேன் பார்ப்பது இடத்தை. இந்த நோய் இருப்பது நேரத்தில். ஸ்கேன் சுத்தமாக இருப்பதே இந்த நோய்க்குப் பொருந்தும் ஓர் அடையாளம் என்று அந்த இடத்தில் ஒருவர் விளக்கிச் சொன்னால், ஒரு குடும்பத்தின் அலைச்சல் அன்றே முடியும்.

கேள்வி கேட்கப்படும் விதம் இப்படித்தான் இருக்கும்.

“காலையில எழுந்ததும் கை, தோள் இப்படித் தூக்கிப் போடுதா தம்பி?”

“ஆமா சார். ஆனா அது ஃபிட்ஸ் இல்ல. மயக்கமெல்லாம் வராது.”

“எத்தனை நாளா?”

“பத்தாவது படிக்கும்போதிருந்து.”

“முந்தின நாள் ராத்திரி தூங்கலைன்னா அதிகமா வருதா?”

அம்மா குறுக்கே வருவார்: “ஆமாங்க சார், ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் பார்த்துட்டு விடியக்காலம் வந்து படுத்தான். மறுநாள்தாங்க விழுந்தான்.”

நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. செலவு ஐந்து நிமிடம். மின்பதிவு இதை உறுதிப்படுத்தும்.

அதோடு சேர்த்து இரண்டு விஷயம் கேட்க வேண்டும். படிப்பு சரிகிறதா? நடை, பேச்சு, நினைவு மங்குகிறதா? சின்ன வயதில் தட்டம்மை வந்து, பல ஆண்டு கழித்து உடம்பு சீரான இடைவெளியில் துள்ளி, படிப்பு மளமளவென்று கீழே போனால் அது தட்டம்மைக் கிருமி மூளையைத் தாக்கிய வேறு கொடிய நோயாக இருக்கலாம். லஃபோரா போன்ற நோய்களிலும் புத்தி மங்கும். துள்ளல் வலிப்பில் பிள்ளையின் புத்தி கூர்மையாகவே இருக்கும். இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பிரித்தறிவதுதான் மருத்துவரின் திறமை.

நம் வட்டாரத்தின் வாழ்க்கையே தூக்கத்தோடு மல்லுக்கட்டுகிற வாழ்க்கை. சிமென்ட் ஆலைகளில் ராத்திரி ஷிஃப்ட். அறுவடை நாளில் இரவெல்லாம் மக்காச்சோளக் களத்தில் காவல். சின்ன வெங்காயம் ஏற்றும் லோடு விடிவதற்குள் கிளம்ப வேண்டும். கல்யாண வீடு, கோயில் திருவிழா, சிவராத்திரி எல்லாவற்றிலும் கண்விழிப்பு. இந்த நோய் உள்ள இளைஞருக்கு ஆறு மணித் தூக்கம்கூட இல்லாத இரவு மாத்திரையை மறந்த இரவைப் போலவே ஆபத்து. மது குடித்த மறுநாள் காலையும் அப்படித்தான். ஆலையில் வேலைக்குப் போகும் பிள்ளைக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும் கொடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதித் தரும் ஒரு கடிதமும் சிகிச்சைதான்.

பெண் பிள்ளைகளின் மாத்திரை

வால்ப்ரோயேட் கதைக்கு ஒரு கசப்பான இரண்டாம் பாகம் உண்டு. கர்ப்ப காலத்தில் இதைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத் தண்டுவடம், இதயம் முதலியவற்றில் பிறவிக் குறை ஏற்படுவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டின. 2013இல் வெளியான ஆய்வில், ஆறு வயதில் அந்தக் குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு மற்ற மருந்துகள் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளைவிட ஏழு முதல் பத்துப் புள்ளி குறைவாக இருந்தது. ஐரோப்பிய நாடுகள் 2018இல் கடுமையான கட்டுப்பாடு விதித்தன. நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் சஞ்சீவ் தாமஸ் 1998இல் தொடங்கிய கேரள வலிப்பு-கர்ப்பப் பதிவேடு இந்த அறிவுக்குப் பெரும்பங்கு அளித்திருக்கிறது.

அதனால் வளரிளம் பெண்களுக்கு முதலில் லெவெடிராசெட்டம் போன்ற மருந்தைத்தான் இன்று பெரும்பாலான நரம்பியல் மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். லாமோட்ரிஜினும் உதவும், சிலருக்கு அது துள்ளலைக் கூட்டிவிடும் என்பதால் கவனித்துக் கொடுப்பார்கள். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை சேர்ப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் நடப்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு வலிப்பு இருப்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கிறார்கள். கல்யாணம் ஆனதும் மாத்திரை டப்பா தாய் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. கல்யாண நாளின் கண்விழிப்பும் மாத்திரை நின்றதும் சேர்ந்து, புகுந்த வீட்டின் முதல் காலையிலேயே பெண் விழுகிறாள். பிறகு நடக்கும் பேச்சுவார்த்தையையும் அவமானத்தையும் நான் விவரிக்க வேண்டியதில்லை. சட்டம் இதில் பெண்ணின் பக்கம் நிற்கிறது. 1976இல் இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாகச் சேர்க்கப்பட்டது. இந்திய வலிப்புநோய்ச் சங்கமும் பெங்களூரு நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணியும் விடாமல் போராடியதில் 1999இல் அது நீக்கப்பட்டது. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணம் செல்லாது என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. மாத்திரையை ஒளிக்காமல் சாப்பிடுகிற உரிமை அந்தச் சட்டத் திருத்தத்தில் அடங்கியிருக்கிறது. மருந்தை மாற்ற வேண்டுமானால் கல்யாணப் பேச்சு எழும்போதே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பம் தெரிந்த பிறகு பயந்து தானாக நிறுத்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

இந்த வலிப்பு நின்றுவிட்டாலும் மாத்திரையை விட்டால் பெரும்பாலோருக்குத் திரும்ப வருகிறது என்று யான்ஸ் காலத்திலிருந்தே தெரியும். அண்மைக் காலத் தொடர் ஆய்வுகள் சிலரால் நடுத்தர வயதில் மருந்தை விட முடிகிறது என்று காட்டுகின்றன. யாரால் முடியும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு வருடம் ஃபிட்ஸ் வரவில்லை என்று வீட்டிலேயே நிறுத்துவது இந்த வகைக்குப் பொருந்தாது.

கேட்க வேண்டியவர்கள்

பெரம்பலூர் 1995இலும் அரியலூர் 2007இலும் தனி மாவட்டங்களாயின. அதுவரை பெரிய நோய் என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ ஓடியவர்கள் நாம். 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. கருவிகள் பக்கத்தில் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால், இந்த நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான முதல் கருவி எல்லா ஊரிலும் ஏற்கெனவே இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். “வீட்டுல யாருக்காவது ஃபிட்ஸ் இருக்கா? காலையில கை தூக்கிப் போடுதா?” என்ற இரண்டு கேள்விகளை அவர்களும் கேட்கலாம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், காலை வகுப்பில் பேனா எகிறுகிற பிள்ளையைச் சேட்டைக்காரன் என்று அடிக்காமல் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசலாம். பெற்றோர் அந்தக் காலைத் துள்ளலை செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டலாம். பத்துப் பக்கம் விளக்குவதைவிட அது தெளிவு. பெரிய வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ திணிக்க வேண்டாம், வாயில் எதுவும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐக் கூப்பிட வேண்டும்.

யான்ஸிடம் எம்.ஆர்.ஐ. இல்லை, மரபணுச் சோதனை இல்லை. நோயாளி சொல்வதை முழுக்கக் கேட்டார், நேரத்தைக் குறித்துக்கொண்டார். அந்த முறை செலவில்லாதது; ஆரம்ப சுகாதார நிலையத்தின் மர பெஞ்சிலும் அது வேலை செய்யும். ஆனால், ஹைடல்பெர்க்கில் ஒருமுறை கேட்டதோடு அதன் வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருவர் புதிதாகக் கேட்டாக வேண்டும். கேட்காமல் விட்ட ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையின் பரீட்சையிலிருந்தும் வேலையிலிருந்தும் கழிகிறது. வலிப்பு என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், ஸ்கேன் சீட்டு எழுதுவதற்கு முன்னால் அவன் காலைப்பொழுது எப்படிப் போகிறது என்று கேட்போம்.